அகலமான வள்ளம் அவமானமல்ல



வெள்ளவத்தையில் இரண்டு பேர், கொட்டாஞ்சேனையில் இரண்டு பேர். இளவயதிலிருந்து பொல்கொட வாவியில் துடுப்புப் போடுகிற கூட்டம் நாங்கள். இப்போது எல்லோருக்கும் அறுபது நெருங்குகிறது. போன மாதம் எங்களில் ஒருவர் ஒடுங்கிய கயாக்கில் ஏறும்போதே பிரண்டு தண்ணீருக்குள் விழுந்துவிட்டார். இடுப்பளவு தண்ணீர், உடம்பில் உயிர்காப்பு அங்கி. அல்ஹம்துலில்லாஹ், சிராய்ப்போடு போயிற்று. ஆனால் வீட்டில் பிள்ளைகள் ஒரே பிடி: "வாப்பா, இதோட போதும்."

எங்கள் கருத்து வேறு. விட வேண்டியது வாவியை அல்ல, அந்த ஒடுங்கிய வள்ளத்தை.

ஒடுங்கிய வள்ளம் வேகமாகப் போகும். ஆனால் அதை நிமிர்த்தி வைத்திருப்பது நமது இடுப்பும் முழங்காலும்தான். வயது போனால் அந்த வேலையை வள்ளமே செய்ய வேண்டும். அதனால்தான் சாமான் ஏற்றி நாட்கணக்கில் பயணம் போகிற பெரிய கனோவைப் பார்க்கிறோம். 16, 17 அடி நீளம், நடுவில் மூன்றடி அகலம்.

வாங்க நினைப்பவர்கள் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். முழுத் தட்டையான அடி அமைதியான தண்ணீரில் அசையாது. ஆனால் பக்கத்து அலையில் அலையோடு சேர்ந்து சாயும். இலேசாக வளைந்த அடி ஏறும்போது கொஞ்சம் ஆடினாலும் அலையில் தாங்கும். பின்னேரக் காற்றும் மோட்டார் படகுகளும் உள்ள வாவிக்கு அதுதான் பொருத்தம். ஆசனம் உயர்ந்தால் முழங்காலுக்குச் சுகம், சமநிலைக்குக் கேடு. நடுத்தர உயரம் போதும்.

குறை ஒன்று உண்டு: பாரம். இந்த அளவு பிளாஸ்டிக் கனோ 35 கிலோ வரை வரும். காரின் மேல் தனியாகத் தூக்கி வைக்க இந்த முதுகு இடம் தராது. ஆகவே நால்வரும் பங்கு போட்டு வாங்கி, வாவிக் கரையிலேயே வைக்கப் போகிறோம். நால்வர் சேர்ந்து தூக்கினால் ஆளுக்குப் பத்துக் கிலோவும் இல்லை.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நீர்கொழும்பு மீனவரின் 'ஒருவ' வள்ளத்தின் உடல் எவ்வளவு ஒடுக்கம்! பக்கத்தில் கட்டிய மிதவைக் கட்டைதான் அதைக் கவிழாமல் காக்கிறது. அந்தக் கட்டையை எந்த மீனவரும் குறையாக நினைப்பதில்லை. பள்ளிவாசலில் கதிரையில் இருந்து தொழுபவரையும் நாம் குறைவாகப் பார்ப்பதில்லையே.

2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் மௌத்தானதை நாம் மறக்கவில்லை. தண்ணீரில் சமநிலையும் உயிர்காப்பு அங்கியும் ஆடம்பரமல்ல என்று வகுப்பில் சொல்கிற நாங்கள், எங்கள் விஷயத்தில் வீம்பு பிடிக்கக் கூடாது.

உங்கள் வீட்டுப் பெரியவரிடம் "போதும்" என்று சொல்ல முன், எதை மாற்றினால் அவர் தொடரலாம் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.