விழுவதும் எழுவதும்

முதுமையில் ஒருமுறை விழுந்தவரை, 'இனித் தனியே நடக்க வேண்டா' என்று அன்பின் பெயரால் அமர்த்திவிடுகிறோம். அஃது உண்மையான காப்பன்று. இயங்காத காலில் தசை மெலியும். உடலின் சமநிலை குன்றும். மீண்டும் விழும் வாய்ப்பே பெருகும். ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் தவறி விழுந்து இறக்கின்றனர். அவர்களுள் 60 வயதைக் கடந்தோரே மிகுதி என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே, அச்சம் பொய்யன்று, தீர்வே பிழையானது. திருத்த வேண்டியவை ஈரத்தரையும் இருண்ட படிக்கட்டும் பிடிமானமற்ற குளியலறையுமே, முதியோரின் நடையன்று. புறநானூற்றுப் புலவர் தொடித்தலை விழுத்தண்டினாருக்கு அவர் பாடிய ஊன்றுகோலே பெயராயிற்று, கோலூன்றுதல் இழிவன்று. தெருமுனைவரை தாமே சென்று திரும்புவது முதியோர்க்குப் பொழுதுபோக்கன்று, தன்மதிப்பு. மாணவர்களே! அவர்களைக் கைபிடித்து நிறுத்தாதீர்கள். பற்றி எழப் பிடியொன்று அமைத்துக்கொடுங்கள்.