ரத்தத்தில் வரும் சொத்து

போளூர் ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே பார்த்தால் நீல நிறத்தில் ஜவ்வாது மலை தெரியும். அடிவாரம் வரை நெல்லும் கரும்பும். மலை ஏறிவிட்டால் சாமையும் புளியும் தேனும்தான். ஜமுனாமரத்தூர் பஸ் வளைந்து வளைந்து ஏறும். அங்கே வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்ல. தமிழ் பேசும் மலைமக்கள்.

இதே மலையில் காவலூர் என்ற இடத்தில் ஒரு பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அதன் கண்ணாடியின் அகலம் 2.34 மீட்டர். 1986-ல் இருந்து அது நட்சத்திரங்களைப் பார்த்து வருகிறது. நல்லதுதான். ஆனால் நட்சத்திரத்தைப் பார்த்தால் போதுமா? மலையில் குடியிருக்கும் மனிதனின் ரத்தத்தையும் பார்க்க வேண்டாமா?

பார்ப்பது என்று சர்க்கார் முடிவு செய்தது. 2023 ஜூலை 1-ந் தேதி மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஷாடோலில் பிரதமர் மோடி ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். "அரிவாள் அணுச் சோகை" என்ற நோயை 2047-க்குள் ஒழிப்பது அதன் நோக்கம். 17 மாநிலங்களில், பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில், 40 வயது வரை உள்ள 7 கோடி பேருக்கு ரத்தச் சோதனை. அந்த 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

அது என்ன அரிவாள்?

நம் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணு வட்டமாக, நடுவில் குழிந்து இருக்கும். மெல்லிய குழாயிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அணு வளைந்து கதிர் அரிவாள் போல் ஆகிவிடுகிறது. வளைந்த அணு குழாயில் சிக்கிக்கொள்ளும். பின்னால் வருவதும் நின்றுவிடும். எலும்பிலும் வயிற்றிலும் தாங்க முடியாத வலி வரும். நல்ல அணு 120 நாள் உயிரோடு இருக்கும். அரிவாள் அணு 20 நாள் இருந்தாலே அதிகம். அதனால் சோகை.

1910-ல் அமெரிக்காவில் சிகாகோ நகர டாக்டர் ஹெரிக் இதை முதலில் எழுதி வைத்தார். இந்தியாவில் 1952-ல் தெரிந்தது. எங்கே தெரியுமா? நமது நீலகிரியில், பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோது!

நாலில் ஒன்று

இது தொற்று நோய் அல்ல. தொட்டால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. வீடு, நிலம் போல இது பரம்பரையாக வருவது. தகப்பனிடம் ஒரு பங்கு, தாயிடம் ஒரு பங்கு. இரண்டு பங்கும் கெட்ட பங்காக இருந்தால்தான் நோய். ஒன்று மட்டும் கெட்டதாக இருந்தால் அவர் உழுவார், மரம் ஏறுவார், நூறு வயதும் இருக்கலாம். ஆனால் அந்தப் பங்கு பிள்ளைக்குப் போகலாம்.

அப்படிப்பட்ட ஆணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டால், பிறக்கும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைக்கு வராது" என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. ஒவ்வொரு பிரசவத்திலும் அதே நாலில் ஒன்று. சீட்டுக் குலுக்கல் ஒவ்வொரு முறையும் புதிதாக நடக்கிறது. மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கட்டினால், இருவரிடமும் ஒரே கெட்ட பங்கு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

வெள்ளைக்கார இந்தியர்

பரம்பரை விஞ்ஞானி ஜே.பி.எஸ்.ஹால்டேன் இங்கிலாந்தில் பிறந்தவர். 1957-ல் கல்கத்தாவுக்கு வந்தார். ஜிப்பா போட்டார். 1961-ல் இந்தியக் குடிமகன் ஆனார். 1964-ல் புவனேசுவரத்தில் இறந்தார். உயில்படி அவர் உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குப் போனது.

ஏழை நாட்டிலும் நல்ல ஆராய்ச்சி நடக்கும், விலை உயர்ந்த கருவி வந்தால்தான் விஞ்ஞானம் என்று காத்திருக்க வேண்டாம் என்பது அவர் கருத்து. அவரோடு வேலை செய்த எஸ்.கே.ராய் பவழமல்லிப் பூவின் இதழ்களை எண்ணிக்கொண்டிருந்தார். சிரிக்க வேண்டாம். ஒரே மரத்துப் பூக்கள் ஏன் மாறுகின்றன என்பது பெரிய கேள்வி.

1949-லேயே ஹால்டேன் ஒரு யோசனை சொன்னார். சில ரத்த நோய்களில், ஒரு பங்கு மட்டும் உள்ளவர்களை மலேரியா எளிதில் கொல்லாது. அதனால்தான் அந்தப் பங்கு அழியாமல் இருக்கிறது என்றார். அரிவாள் அணுவுக்கும் இது பொருந்தும் என்று 1954-ல் டாக்டர் அல்லிசன் ஆப்பிரிக்காவில் காட்டினார். மலேரியாக் காட்டில் பாட்டன் பூட்டனைக் காப்பாற்றியது, பேரனுக்கு வினை ஆகிறது.

"நோயாளிகள் பிள்ளை பெறாமல் தடுத்தால் பரம்பரை நோய் ஒழிந்துவிடும்" என்று மேல்நாடுகளில் சிலர் பேசிய காலம் உண்டு. ஹால்டேன் கணக்குப் போட்டு அதை மறுத்தார். கெட்ட பங்கு பெரும்பாலும் இருப்பது நோயாளியிடம் அல்ல, நோயே இல்லாதவர்களிடம்!

ஆகவே "ஒழிப்பு" என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பெரியம்மையை ஒழித்தோம். அது வெளியில் இருந்து வந்த கிருமி. இது வீட்டுக்குள் இருக்கும் சொத்து. பங்கு இருக்கத்தான் செய்யும். வலியையும் சின்ன வயதுச் சாவையும் குறைக்கலாம்.

அட்டை வந்த பிறகு

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். சோதனை முடிந்ததும் முடிவு எழுதிய அட்டை. பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் ஜாதகம் போல இதையும் பார்க்கலாம் என்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் ஜாதகத்தில் தோஷம் என்றால் யார் தலையில் பழி விழுகிறது என்பது ஊருக்கே தெரியும். செவ்வாய் தோஷம் என்று மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள் எத்தனை பேர்! இந்த அட்டையும் அப்படி ஆகக் கூடாது. பங்கு ஆணிடமும் இருக்கும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் பிள்ளைக்கு நோய் வராது. இதைச் சொல்லிக் கொடுக்காமல் அட்டையை மட்டும் கொடுப்பது, வாசிக்கத் தெரியாதவன் கையில் பத்திரத்தைக் கொடுப்பது போல.

2023 கடைசியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு புது வைத்தியத்துக்கு அனுமதி கிடைத்தது. நோயாளியின் உயிரணுவையே திருத்தும் வைத்தியம். அப்போது அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் நம் பணத்தில் சுமார் 18 கோடி ரூபாய்! டில்லி விஞ்ஞானிகளும் இதே வழியில் மலிவான வைத்தியம் தேடுகிறார்கள்.

கைக்கு எட்டிய மருந்து ஒன்று ஏற்கனவே இருக்கிறது. பெயர் ஹைட்ராக்சியூரியா. தினமும் விழுங்க வேண்டும். வலி வரும் தடவைகள் குறையும். இடையிடையே ரத்தத்தையும் சோதிக்க வேண்டும். அதற்காக மலையில் உள்ள ஒரு தாய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தால், அன்றைய கூலி போச்சு. பஸ் காசும் போச்சு. இரண்டு தடவை வருவாள். மூன்றாம் தடவை, சாமை அறுப்பு முடியட்டும் என்று இருந்துவிடுவாள்.