கிட்டே போனால் தூரம் காட்டும் சென்சார்

புராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் இன்ஜினீயரிங் பிள்ளைகள் கொண்டுவரும் புகார்களில் இது தப்பாமல் இருக்கும்: "சார், ஐ.ஆர். சென்சார் போயிடுச்சு. கிட்ட போகப் போக தூரம் கூடுது." ரோபோ சுவரை நெருங்கும்போது 14, 12, 10 என்று இறங்கிவந்த எண் திடீரென 15, 20 என்று ஏறுகிறது. வண்டியும் நிற்காமல் போய் முட்டுகிறது. உடனே ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொன்று வாங்கிவருகிறார்கள். புதுசும் அதையேதான் செய்யும்.

பெரும்பாலும் அது ஷார்ப் கம்பெனியின் ஜிபி2ஒய்0ஏ21. அதன் முகத்தில் இரண்டு கண்கள். ஒன்று அகச்சிவப்பு ஒளியை வீசும். திரும்பி வரும் ஒளி மற்றதன் உள்ளே எந்த இடத்தில் விழுகிறது என்பதை வைத்துத் தூரம் கணக்காகிறது. ஒளி எவ்வளவு பலமாகத் திரும்புகிறது என்பது அங்கே பெரிய விஷயமில்லை. அதனால்தான் வெள்ளைச் சுவருக்கும் சாம்பல் துணிக்கும் ரீடிங் அதிகம் மாறுவதில்லை. ஆனால் அதன் எல்லை 10 முதல் 80 சென்டிமீட்டர் வரைதான். பத்துக்கும் கீழே இன்னும் நெருங்கிப் போனால் ஒளிப்புள்ளி ஏற்பியின் ஓரத்தைத் தாண்டிவிடும். தூரத்தை இந்தச் சென்சார் வோல்டேஜாகத்தான் சொல்லும்; நெருங்க நெருங்க அதுவரை ஏறிக்கொண்டிருந்த அந்த வோல்டேஜ் சரியத் தொடங்கும். மூன்று நான்கு சென்டிமீட்டரில் வரும் அதே வோல்டேஜ் இன்னும் தள்ளி இருக்கும்போதும் வரும். எந்தக் கோடு எழுதியும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. சென்சாரை வண்டியின் முன்விளிம்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் பொருத்துங்கள். புதிதாக இரண்டு துளை போடுவதோடு வேலை முடிந்தது.

எண் நிலையில்லாமல் துள்ளுவது வேறு கதை. இதற்குப் பிள்ளைகளின் கைவைத்தியம், பத்து ரீடிங் எடுத்துச் சராசரி போடுவது. இந்தச் சென்சார் புது அளவு எடுக்கச் சுமார் 38 மில்லிசெகண்ட் ஆகும். அதைப் படிக்கும் அர்டுயினோ போர்டோ பத்து ரீடிங்கை ஏறக்குறைய ஒரே மில்லிசெகண்டில் எடுத்துவிடும். ஒரே ஆளிடம் பத்து முறை கேட்டுவிட்டுப் பத்துச் சாட்சி என்று எழுதிக்கொள்வது போலத்தான் இது. ரீடிங்குகளுக்கு நடுவே 50 மில்லிசெகண்டாவது இடைவெளி விடுங்கள். சராசரியைவிட வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுப்பது மேல்.

அதற்கும் முன்னால் கரண்ட்டைப் பாருங்கள். சராசரியாக 30 மில்லிஆம்ப் என்றாலும் ஒளியை விட்டுவிட்டு வீசுவதால் இது கரண்ட்டைத் துடிப்புத் துடிப்பாக இழுக்கும். சென்சாருக்குப் பக்கத்திலேயே 10 மைக்ரோஃபாரட் அல்லது அதற்கு மேற்பட்ட கெப்பாசிட்டர் போடச் சொல்லி டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது, யார் படிக்கிறார்கள்? போதாததற்கு அதே 5 வோல்ட்டில் சர்வோ மோட்டாரையும் கோத்துவிடுகிறார்கள். இன்னொன்று: அர்டுயினோ தன் சொந்த 5 வோல்ட்டையே அளவுகோலாக வைத்துப் பார்க்கிறது. யூ.எஸ்.பி.யில் 4.7 வோல்ட்தான் வருகிறதென்றால் எல்லாத் தூரமும் குறைந்தே தெரியும்.

எட்டத்தில் துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். 10-லிருந்து 20 சென்டிமீட்டருக்குப் போகும்போது ஏறக்குறைய ஒரு வோல்ட் இறங்கும். 70-க்கும் 80-க்கும் நடுவே வித்தியாசம் அதில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. அங்கே அர்டுயினோவில் ஒரு எண் மாறினாலே ஒரு சென்டிமீட்டர் போய்விடும். நேர்வெயில், கண்ணாடி, தண்ணீர்ப்பரப்பு மூன்றும் இதற்கு ஆகாது. மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கு இதை வாங்கவே வாங்காதீர்கள்.

பழுதா இல்லையா என்று பார்க்க அர்டுயினோவே வேண்டாம். சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்துவிட்டால் ஒரு டேப், ஒரு வெள்ளை அட்டை, ஒரு மல்டிமீட்டர் போதும். அட்டையை 10 சென்டிமீட்டரில் வைத்தால் 2.3 வோல்ட்டும் 80-இல் வைத்தால் 0.4 வோல்ட்டும் ஏறத்தாழ வரவேண்டும். வந்தால் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு சப்ளையிலோ கோடிலோ. எதுவுமே வராவிட்டால் செல்ஃபி கேமரா வழியாக ஒளி வீசும் கண்ணைப் பாருங்கள். மங்கலாக ஊதா நிறத்தில் ஒளிர்ந்தால் உயிர் இருக்கிறது.

கடைக்குப் போனால் 'ஐ.ஆர். சென்சார்' என்று மட்டும் கேட்காதீர்கள். திருகிச் சரிசெய்யும் குமிழ் வைத்த மலிவான சின்னப் பலகையை எடுத்து நீட்டுவார்கள். எதிரே பொருள் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் அது சொல்லும்; தூரத்தை அளக்காது. மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.