வலிக் குளிசையும் பித்தக்கல்லும்: நாம் கேட்கத் தவறிய கேள்வி

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட எனக்கு, நான் இட்ட தலைப்பை வாசகர்கள் என் முன்னாலேயே நீட்டிக் கேள்வி கேட்பது புதிதல்ல. சென்ற ஆண்டு அப்படி நீட்டியவர் என் சொந்த அக்கா. அதுவும் வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி.

அக்காவுக்கு முழங்கால் வலி. தெருமுனை மருந்துக் கடையில், சிட்டை எதுவுமின்றி, எட்டு மாதங்களாக டைக்குளோபினாக் குளிசை வாங்கிப் போட்டிருக்கிறார். இடையிடையே வலப்பக்க மேல்வயிற்றில் குத்து வரும். 'வாய்வு' என்று சொல்லிவிட்டு அதற்கும் அதே குளிசை. ஒருநாள் காய்ச்சலும் நடுக்கமும் கண்டு வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். ஸ்கானில் பித்தக்கற்கள், பித்தப்பையில் கிருமித் தொற்று. இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் உயர்ந்திருந்தது. பித்தப்பையை அகற்றினார்கள்.

என் எழுத்துக்களையெல்லாம் வெட்டி ஒட்டி வைத்திருப்பவர் அக்கா. அந்தக் கொப்பியிலிருந்து பழைய துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். 'வலி மாத்திரைகளால் பித்தப்பையில் கல்' என்பது தலைப்பு. "தம்பி, இது நீ போட்டதுதானே? அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார்.

அந்தத் தலைப்பை இட்டவன் நான்தான். வெளிநாட்டுச் செய்தியொன்றின் மொழிபெயர்ப்பு அது. மூலத்தில் இருந்த 'ஏற்படக்கூடும்' என்ற சொல், நான்கு சொற்களுக்குள் தலைப்பை அடக்கும் அவசரத்தில் என் பேனாவால் வெட்டுண்டு போனது.

உண்மை நிலை என்ன? பித்தக்கற்களுள் பெரும்பாலானவை கொலஸ்திரோல் படிந்து உருவாகுபவை. பெண்களுக்கும், வயது ஏறியவர்களுக்கும், உடற்பருமன் உள்ளவர்களுக்கும், திடீரென எடை குறைப்பவர்களுக்கும் அவை அதிகம். மருந்துகளுக்கும் பங்குண்டு. ஈஸ்திரோஜன், குளோபிபிறேற், ஒக்ரியோரைட், ஊசிமூலம் ஏற்றும் செப்ரியாக்சோன் ஆகியவை அவ்வாறு அறியப்பட்டவை. நாம் அன்றாடம் விழுங்கும் வலிநிவாரணிகள் அந்த வரிசையில் நிறுவப்பட்டவை அல்ல. சொல்லப்போனால், பிரேரி நாய் எனப்படும் கொறிவிலங்குகளுக்கு அஸ்பிரின் கொடுத்தபோது பித்தக்கல் உருவாவது தடைப்பட்டதாக 1981 இல் ஆய்வு முடிவு வெளியாகியது. எனவே அக்காவின் கல்லுக்குக் குளிசை காரணம் என்று என்னால் எழுத முடியாது.

அப்படியானால் குளிசை குற்றமற்றதா? இல்லவே இல்லை. அது செய்த வேலைகள் இரண்டு. முதலாவது, கல்லை மறைத்தது. பித்தக்கல் வலியைத் தணிக்க வைத்தியர்களே டைக்குளோபினாக் கொடுப்பதுண்டு. வைத்தியர் கொடுக்கும்போது கல் இருப்பது அவருக்குத் தெரியும். அக்கா தானே விழுங்கியபோது எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிவிட்டார். இரண்டாவது, சிறுநீரகத்தைத் தாக்கியது. இவ்வகைக் குளிசைகள் புரொஸ்டகிளாண்டின் என்னும் பொருளின் உற்பத்தியைத் தடுக்கின்றன. வலி குறைவது அதனால்தான். இரைப்பையின் பாதுகாப்புப் படலம் நலிவதும், சிறுநீரகத்துக்கான இரத்த ஓட்டம் குறைவதும் அதனால்தான். லொசார்ட்டன் போன்ற இரத்த அழுத்த மருந்தும், நீர் போக்கும் குளிசையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகரிக்கும். அக்கா இரண்டையும் எடுத்து வந்தவர். கடைக்காரர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. அவருடைய கிரியேட்டினின் இன்றும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

என் குற்றச்சாட்டு இதுதான். நிறுவப்படாத ஆபத்தைக் கொட்டை எழுத்தில் போட்ட நாம், நிறுவப்பட்ட ஆபத்துகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. பினாசற்றின் என்னும் வலிநிவாரணி சிறுநீரகங்களைச் சிதைப்பது தெரியவந்து 1983 இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. மூட்டுவலிக்கெனக் கொண்டாடப்பட்ட வயொக்ஸ், மாரடைப்பும் பக்கவாதமும் தருவதாக உறுதியாகி 2004 செப்ரெம்பரில் மீளப்பெறப்பட்டது. டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின், இபுபுறூபன், டைக்குளோபினாக் எடுத்தால் இரத்தப்போக்கு ஆபத்து. 2017 இல் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை டெங்கு தாக்கிய நாடு இது. இங்கு இச்செய்தி ஒவ்வொரு மருந்துக் கடை வாசலிலும் தொங்க வேண்டாமா?

மருந்துக் கடைகளில் நடப்பதென்ன? அட்டையைக் கத்தரித்து, பத்துக் குளிசையைக் கடதாசி உறையில் போட்டு, அதன்மேல் பேனாவால் 'காலை, இரவு' என்று கிறுக்கித் தருகிறார்கள். பெட்டியோடு வந்த எச்சரிக்கைத் தாள் குப்பைக் கூடைக்குப் போகிறது. அது கையில் கிடைத்தாலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில் இருக்கும்.

'ஏழைகளைப் பயமுறுத்தாதீர்கள், வைத்தியருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்கு அந்தக் குளிசைதான் துணை' என்பார்கள். இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு முழங்கால் வலித்தால் அன்றைய அடுப்பு எரியாது. ஆனால் உண்மையை மறைப்பது ஏழைக்குச் செய்யும் உதவியாகாது. சிறுநீரகம் பழுதானால் இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரந்தோறும் வைத்தியசாலைக்கு அலையப் போகிறவரும் அதே ஏழைதான்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. அந்தக் கடதாசி உறையிலேயே தமிழிலும் சிங்களத்திலும் நான்கு வரிகள் அச்சிடுங்கள்: வெறும் வயிற்றில் வேண்டாம், பிரஷர், சிறுநீரக நோய் இருந்தால் வைத்தியரைக் கேளுங்கள், காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அதுவும் வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் வேண்டாம், ஒரு வாரத்தில் வலி தீராவிட்டால் வைத்தியரிடம் செல்லுங்கள். மருந்துகளை ஒழுங்குபடுத்த 2015 இல் சட்டம் இயற்றி அதிகாரசபை அமைத்த நாட்டுக்கு நான்கு வரிகள் பாரமாகுமா?

என் துறையினருக்கும் ஒரு வேண்டுகோள். 'கூடும்' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து வெட்டாதீர்கள். அக்காவின் கொப்பியில் அந்தத் துண்டு இன்னமும் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் ஒட்டுவதற்காகவே இந்தத் திருத்தத்தை எழுதினேன்.