மதிப்பெண்ணோடு நோயின் நாளும் வேண்டும்

கொரோனாவின் இரண்டாம் அலை இந்தியாவை உலுக்கிய 2021-இல், நெஞ்சு சி.டி. ஸ்கேன் அறிக்கையில் ‘25-க்கு இத்தனை’ என்று எழுதப்பட்ட மதிப்பெண், கதிரியல் துறையைக் கடந்து நோயாளிகளின் குடும்பத்தாரும் அச்சத்தோடு கேட்டறியும் எண்ணாயிற்று. அடுத்த சுவாசத் தொற்று வருவதற்குள், அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைத் துறையினர் தெளிவுபடுத்திக்கொள்வது கடமையாகும்.

நுரையீரலின் ஐந்து மடல்களிலும் பாதிப்பின் பரப்பு கண்ணால் மதிப்பிடப்பட்டு, 5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் 1, 25 வரை 2, 50 வரை 3, 75 வரை 4, அதற்கு மேல் 5 என வழங்கப்பட்டுக் கூட்டப்படுகிறது. இம்முறையில் 26 விழுக்காடு பாதிக்கப்பட்ட மடலும் 50 விழுக்காடு பாதிக்கப்பட்ட மடலும் ஒரே 3-ஐப் பெறுகின்றன. சிறிய வலது நடுமடலும் பெரிய கீழ்மடலும் சமமாக எண்ணப்படுகின்றன. இரத்தக் குழாய்கள் ஊடே தெரியும் மெல்லிய வெண்மங்கலான தேய்கண்ணாடித் தோற்றத்துக்கும், அவற்றை மறைத்துவிடும் அடர்ந்த திண்மத்துக்கும் பரப்பளவுக் கணக்கில் வேறுபாடு இல்லை.

இவற்றினும் முக்கியமானது நோயின் நாள். அறிகுறி தொடங்கிய முதல் இரண்டு நாள்களில் பலருக்கு ஸ்கேனில் குறை ஏதும் தெரியாமல் இருப்பதும், மூச்சுத் திணறல் கடுமையாகாத நோயாளிகளில் பாதிப்பு ஏறத்தாழ பத்தாம் நாளில் உச்சத்தைத் தொடுவதும் கண்டறியப்பட்டுள்ளதால், நான்காம் நாளில் 12 பெற்றவருக்கு நோய் ஏறுமுகத்திலும் பதினைந்தாம் நாளில் 12 பெற்றவருக்கு இறங்குமுகத்திலும் இருக்கக்கூடும். இம்மதிப்பெண்ணோடு குழப்பிக்கொள்ளக் கூடாத மற்றோர் அளவீடும் உண்டு: நெதர்லாந்து கதிரியல் சங்கம் 2020-இல் வகுத்த கோ-ராட்ஸ், தொற்று இருப்பதற்கான ஐயத்தின் அளவை மட்டுமே குறிக்கிறது; அதில் 5 என்பதைக் கடுமையின் அளவாகக் கொள்வது பெரும்பிழை.

2021 ஏப்ரலில் எய்ம்ஸும் ஐ.சி.எம்.ஆரும் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டுதல், நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டும் மூச்சு வீதத்தையும் 90 விழுக்காட்டுக்குக் கீழிறங்கும் ஆக்சிஜன் செறிவையுமே தீவிர நோயின் அளவுகோலாக வைத்தது, நெஞ்சு சி.டி.யை நோய் மோசமடையும்போது மட்டும் எடுக்கச் சொன்னது. படுக்கையருகில் கிடைக்கும் இவ்விரு அளவுகளுக்கு ஸ்கேன் துணை நிற்கலாமே தவிர, மாற்றாகாது.

ஆகவே, கதிரியல் மருத்துவர்கள் அறிகுறி தொடங்கிய நாளைக் கேட்டறிந்து மதிப்பெண்ணுக்கு முன்னே எழுதவும், திண்மம் எவ்வளவு என்பதைத் தனியே குறிக்கவும், ஸ்கேனுக்கு அனுப்பும் மருத்துவர்கள் ஆக்சிஜன் செறிவைப் படிவத்தில் தவறாமல் பதியவும் வேண்டும்.