ஐந்து சதவீத சீரியம்

பருத்தி நூலோடு ஐந்து சதவீதம் லைக்ரா சேர்ந்தால் துணியின் குணமே மாறிவிடும் என்பது திருப்பூர் காதர்பேட்டைத் துணி வியாபாரிக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அலுமினியத்திலும் இதே கதைதான். தூய அலுமினியத்தை உருக்கிக் குளிர்வித்தால் அணுக்கள் சட்டென்று வரிசைகட்டிப் படிகமாகிவிடும். அதில் கொஞ்சம் நிக்கலும் யிட்ரியமும் கலந்து, விநாடிக்குப் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்வித்தால், வரிசைக்கு வருமுன்னே அணுக்கள் உறைந்துவிடும். யிட்ரியம் அணு அலுமினியத்தைவிடப் பெரியது, நிக்கல் சிறியது. அளவு பொருந்தாத கூட்டம் லேசில் வரிசையில் நிற்குமா? இப்படிப் பிறப்பதுதான் உலோகக் கண்ணாடி. சேர்மானம் குறைந்தால், சூடேறும்போது முதலில் அலுமினிய நுண்படிகங்கள் முளைக்கும். கூடினால் கண்ணாடி இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

திருப்பூருக்கு இதில் என்ன வேலை? இந்த உலோகக் கண்ணாடித் தூள் அசோ சாயங்களின் நைட்ரஜன் பிணைப்பை உடைத்து நிறத்தைப் போக்கும் என்று சோதனைகள் காட்டியுள்ளன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது; கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாதென்ற கட்டாயத்தில் இருக்கும் ஊர் இது. இங்கே இந்தத் தூளைச் சோதித்தே ஆகவேண்டும். அதுவும் யிட்ரியத்துக்குப் பதில் சீரியமோ லாந்தனமோ கலந்து சோதிக்கவேண்டும் என்பது என் வாதம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் சீரியமும் லாந்தனமும் தாராளம், யிட்ரியம் சொற்பம். சீரியம் கலந்தால் கண்ணாடி உருவாகுமா என்ற சந்தேகம் வேண்டாம்: 1988-லேயே வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலுமினியம், இரும்பு, சீரியம் மூன்றையும் கலந்து செய்து காட்டிவிட்டார்கள். மோனசைட்டோடு தோரியமும் வரும் என்பதால் பிரித்தெடுக்கும் செலவை மட்டும் குறைத்து மதிப்பிடக்கூடாது.

சூடான கழிவுநீரில் கண்ணாடி படிகமாகிவிடாதா என்று கேட்கலாம். ரியாக்டிவ் சாயத்தொட்டியின் சூடு 60 முதல் 80 டிகிரிதான். இந்தக் கலவைகள் படிகமாகத் தொடங்குவது அதற்கு வெகு மேலே. கனமான ஆட்சேபம் வேறு: நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் உப்புக்குப் பெரும்பங்கு உண்டு; தூள் உப்பைத் தொடாது. ஆனால் நிறம் நீங்கிய உப்புநீரை மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பலாம், புது உப்பு வாங்கும் செலவும் குறையும். பிணைப்பு உடைந்தபின் மிஞ்சும் அமீன்களையும், கரைந்த அலுமினியம், நிக்கலையும் வடிகட்டி அளந்தபிறகே அதைச் செய்யவேண்டும். ஆய்வுக்கூடத்துச் சுத்தமான சாயக்கரைசலில் எத்தனை நிமிடத்தில் நிறம் போனது என்ற கணக்கு இங்கே செல்லாது. உப்பும் சோடாவும் கலந்த பட்டறைத் தண்ணீரில், ஒரே தூள் எத்தனை முறை வேலை செய்கிறது என்பதே கேள்வி.