இருபத்தொரு ஆண்டுப் பொறுமை

ஓர் ஆய்வு பயன் தருமா என்பதை எத்தனை ஆண்டுகளில் தீர்மானிப்பது? நிதி வழங்குவோர் மூன்றாண்டு என்பர். பத்திரிகைகளோ மறுநாள் காலையே விளைவைக் கேட்கும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஹொப்கின்ஸ் மலைமீது 1968இல் 10 மீற்றர் விட்டமுடைய விப்பிள் தொலைநோக்கி நிறுவப்பட்டது. விண்ணிலிருந்து வரும் காமாக் கதிர்களைத் தேடுவதே அதன் பணி. இக்கதிர்கள் நிலத்தை வந்தடைவதில்லை. மேல் வளிமண்டலத்தில் மோதித் துகள் மழையை உண்டாக்குகின்றன. அத்துகள்கள் எழுப்பும் நீல ஒளிக்கீற்று, ஒரு செக்கனின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும். விண்வெளியில் திரியும் புரோத்தன்களும் இதே போன்ற கீற்றுகளை மிகப் பெருமளவில் எழுப்புவதுதான் சிக்கல். கீற்றின் வடிவத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம் என 1985இல் மைக்கல் ஹில்லாஸ் காட்டினார். 1989இல் ட்ரெவர் வீக்ஸ் குழுவினர் நண்டு நெபுலாவின் காமாக் கதிர்களை ஐயமற உறுதிசெய்தனர். இதற்கிடையே கழிந்தவை இருபத்தொரு ஆண்டுகள்.

அதன் பின்னர் அறுவடை விரைந்தது. 1992இல் சுமார் 40 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள மார்க்காரியன் 421 என்ற விண்மீன் மண்டலத்திலிருந்து இக்கதிர்கள் பிடிபட்டன. அதன் மையத்தில் இராட்சதக் கருந்துளை ஒன்று உள்ளது. கருந்துளை அனைத்தையும் விழுங்கும் என்றே நாம் எழுதிப் பழகிவிட்டோம். ஆனால், அதனுள் விழாது தப்பும் பொருளின் ஒரு பகுதி, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் தாரையாகப் பீறிடுகிறது. அத்தாரை நம்மை நோக்கியிருப்பதாலேயே இவ்வளவு பிரகாசம். 1996 மே மாதத்தில் அது அரை மணி நேரமளவே நீடித்த ஒரு சீற்றத்தைக் காட்டியது. இத்தனை விரைவாக மாறும் ஒளி, விண்மீன் மண்டலம் முழுவதிலுமிருந்து வர இயலாது. நமது சூரிய குடும்பத்தோடு ஒப்பிடத்தக்க சிறு பரப்பிலிருந்தே அது வந்திருக்க வேண்டும்.

"பசித்தோர் இருக்க இது எதற்கு?" என்ற கேள்வி நியாயமானதே. அதற்காக எல்லா ஆய்வையும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கவும் வேண்டியதில்லை. பொறுமைக்கும் பிடிவாதத்துக்கும் வேறுபாடு உண்டு. விப்பிள் குழுவினர் பழைய கருவியை வைத்துக்கொண்டு வெறுமனே காத்திருக்கவில்லை. கமராவை மாற்றினர், பகுப்பாய்வைத் திருத்தினர், ஐயத்துக்கிடமான சமிக்ஞையை வெற்றியென முரசறையாது ஒதுக்கினர். "என்ன கண்டீர்கள்?" என்பதைவிட, "முறை மேம்பட்டதா?" என்பதே ஆண்டுதோறும் கேட்கவேண்டிய கேள்வி.

அக்கேள்வியைக் கேட்கத் தெரியாத சமூகம், இருபதாம் ஆண்டில் விளக்கை அணைத்துவிடும்.